ஓட்டாங்காட்டில் ஓடு இல்லை

ஜூன் 11

பென்ஷனர் சங்கத்தில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து மேசை மேல் சும்மாவே கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் இருக்கிறது.

காலையில் ஓட்டாங்காட்டில் கிடைத்தவை: சிவப்பு ஓடு ஒரு கை நிறைய, சன்னமாக வரி போட்ட கறுப்பு ஓடு ஒன்று, சாடியின் கைப்பிடி ஒன்று. முழுக் கைப்பிடி. நான்கு வருஷத்தில் முழுசாகக் கிடைப்பது இதுதான் முதல் தடவை. வரப்பில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் போய் உட்காருகிற ஒரு பள்ளம் அதில் இருக்கிறது. கடல் தாண்டி, மலைக் கணவாய் தாண்டி, மதுவைச் சுமந்து வந்த யவனன் எவனோ அந்த இடத்தில் விரல் வைத்துத் தூக்கியிருக்கிறான். சாடி உடைந்தபோது யாரிடம் திட்டு வாங்கினானோ.

வீட்டுக்கு வந்து இவருடைய பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, மாடியில் காய வைத்தேன். மற்றதெல்லாம் புண்ணாக்குச் சாக்குக்குள் போனது. கைப்பிடி மட்டும் ஜன்னலில் இருக்கிறது. இவர் போன பிறகு அந்தப் பிரஷுக்கு இந்த வேலையாவது இருக்கிறது. எனக்கும்தான்.

முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்த கை. ஒரு சில்லு கண்ணில் பட்டால் விட்டுவிட்டு வர மனசு வராது.

கொழுந்தனார் நாச்சிமுத்து நான் கழுவுவதைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, "நங்கை, பொறுக்கறதே பொறுக்கறீங்க, அப்படியே அந்தக் கோரையவும் பொறுக்கிப் போட்டீங்கன்னா காடு சுத்தமாயிருமுங்க" என்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவது. காடு என்று நாங்கள் சொல்கிற அந்தப் புஞ்சை அவருடையது, கேலி செய்ய அவருக்கு உரிமை உண்டு. அவர் மனைவி சாந்தாமணி சுவர்க் கதவு வழியாகப் பருப்பு கடைந்தது ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்தபோது நடுவில் சுவர் வைத்தோம், சுவரில் கதவு வைத்தோம். அந்தக் கதவுக்குத் தாழ் இருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூன் 14

ஓட்டாங்காட்டில் கல் நட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்து, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசிய கற்கள், வரிசை வரிசையாக.

சாயங்காலம் கேட்டேன். "தம்பி, காட்டுல கல்லு நட்டிருக்குதே?"

"சொல்லோணும்னுதான் இருந்தனுங்க நங்கை. அக்ரிமெண்ட் போட்டாச்சுங்க. பைபாஸ் வந்ததுக்கப்பறம் அது காடு இல்லீங்க, சைட்டு. கெணறு வத்தி நாலு வருசமாச்சு. கலப்பை எறக்கியே நாலு வருசமாச்சு. ஆவணில எம்புள்ள தாரணிக்குக் கல்யாணம். நான் வேற என்னத்த விக்கட்டுங்க?"

"அடியில என்ன கெடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஓட்டாஞ்சில்லுங்க."

"ரோமாபுரிச் சில்லு. ரெண்டாயிரம் வருசத்துது. அன்னைக்குக் காலேஜ்லருந்து ஒரு புரபசர் வந்து பாத்துச் சொன்னப்ப நீங்களும்தானே நின்னீங்க?"

"அண்ணன் வைத்தியத்துக்கு நீங்க தோப்ப வித்தப்ப நான் ஒரு வார்த்தை கேக்கலீங்களே நங்கை."

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். இவர் இருந்தவரை அதை இவர்மேல் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மனு எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

கலெக்டர் ஆபீஸ். குறை தீர்க்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், தண்ணீர் வராத குழாய் என்று எல்லாரும் உயிருள்ள குறையோடு வந்திருந்தார்கள். என் முறை வந்தபோது மனு வாங்குகிறவர் என்னுடையதை இரண்டு தடவை படித்தார்.

"ஓட்டாஞ்சில்லுக்கா மனு?"

"அதுக்கடியில ஒரு ஊர் இருக்குதுங்க. யவன வியாபாரிங்க தங்குன ஊர்."

"சார் இப்ப வேலையா இருக்காரு. வெச்சுட்டுப் போங்கம்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. இன்றைய வெற்றி அது ஒன்றுதான்.

ஜூன் 18

வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனேன். இந்த ஊரில் என் கையால் மாத்திரை வாங்காத வாய் இல்லை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். பேனாவை நீட்டினால் மட்டும், "அவிங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..." அவிங்க என்றால் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் என்றால் புரமோட்டர் கனகராஜிடம் ஒரு சைட்டாவது சொல்லி வைத்திருப்பவர்.

காபி ஏழு வீட்டில். கையெழுத்து இரண்டு. அதில் ஒன்று என்னுடையது.

ஜூன் 21

சுவர்க் கதவுக்குத் தாழ் இருக்கிறது. அந்தப் பக்கம்.

ஜூன் 22

சாந்தாமணியின் கிண்ணம் என்னிடமே இருக்கிறது. எங்கள் பழக்கத்தில் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ரவை உருண்டை செய்து போட்டுவைத்தேன். பிறகு எந்த வழியாகக் கொடுப்பது என்று யோசித்தேன். தெருவைச் சுற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று கொடுக்க வேண்டும், அன்னிய மனுஷி மாதிரி. உருண்டையை நானே தின்றேன்.

ஜூன் 23, திங்கள்

கலெக்டர் ஆபீஸ். "போன வாரம் குடுத்தீங்களேம்மா." கொடுத்தேன். இந்த வாரமும் கொடுத்தேன்.

ஜூன் 27

இன்று யாரும் என்னோடு பேசவில்லை. பால்காரர் "அரை லிட்டர்தானுங்களா?" என்றார். அது பேச்சில் சேர்த்தி என்றால், பேசினார்.

ஜூன் 30, திங்கள்

அதே பஸ், அதே வரிசை. மனு வாங்குகிறவர் இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே நாற்காலி காட்டினார். மனுவைத் தொல்லியல் துறைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

ஜூலை 7, திங்கள்

நான்காவது திங்கட்கிழமை. கையில் கடிதம் கொடுத்தார்கள். பதினைந்தாம் தேதி அதிகாரி வந்து நிலத்தைப் பார்ப்பார். அதுவரை கனகராஜ் ஒரு கல்கூட நடக் கூடாது.

கடிதத்தைப் பஸ்ஸிலேயே பல தடவை படித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் "வந்துருச்சுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று பார்த்தேன்.

ஜூலை 13

மூன்று நாளாகக் காட்டில்தான் இருக்கிறேன். அதிகாரி வருவதற்குள் கண்ணில் படுகிற ஓடு ஒன்றையும் தரையில் விடக் கூடாது என்று சாலுக்குச் சால் நடந்து பொறுக்கினேன். ஜீப் வரும், கனகராஜின் ஆட்கள் வருவார்கள், மிதித்து நொறுக்கிவிடுவார்கள். வீட்டுக்கு ஒறம்பரை வருகிறதென்றால் யாராவது வாசலைக் கூட்டாமல் விடுவார்களா?

மேட்டின் உச்சியில்தான் நிறையக் கிடந்தது. எல்லாவற்றையும் கழுவி, நிறவாரியாகப் பிரித்து, கூடத்தில் பழைய புடவையை விரித்து அடுக்கியாயிற்று. சாக்குகளை அவிழ்த்து அதையும் அடுக்கினேன். கூடத்தில் நடக்க இடம் இல்லை. வீடு நிறைய ஆள் வந்திருப்பது போல இருக்கிறது.

இடுப்பு வலி. பாரசிட்டமால் ஒன்று.

ஜூலை 15

அதிகாரி பெயர் அருள்தாஸ். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மரியாதையான பையன். கனகராஜும் நாச்சிமுத்துவும் வேலியோரம் வந்து நின்றார்கள். கொழுந்தனார் என் பக்கம் திரும்பவில்லை.

முதலில் வீட்டுக்கு வாருங்கள், எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். "மொதல்ல நெலத்தப் பாத்துர்றேன்மா" என்றான். கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் குனிந்தபடியே நடந்தான். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எழுதினான். வெயில் உச்சிக்கு வந்தபோது என்னிடம் வந்தான்.

"அம்மா, இங்க ஓடே இல்லையே."

"இருக்குதுங்க, வீட்டுல இருக்குது. நான்தான் ஒன்னு விடாமப் பொறுக்கி வெச்சிருக்கறேன். நாலு வருசமா."

அவன் முகம் மாறியது. கூடத்துக்கு வந்து பார்த்தான். அந்த வரி போட்ட கறுப்பு ஓட்டைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தான். "அசல்தாம்மா. எல்லாமே அசல். இது எந்த எடத்துல கெடந்துச்சு?"

"காட்டுலதான்."

"காட்டுல எங்க? மேட்டுலயா, சரிவுலயா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. மாத்திரையை அப்படித்தான் பிரிப்போம்.

"மேல எங்க எவ்வளவு செதறிக் கெடக்குன்னு வெச்சுதாம்மா அடியில என்ன இருக்குன்னு எங்களால சொல்ல முடியும். அத வெச்சுத்தான் குழி போட்டுப் பாக்க அனுமதி கேக்க முடியும். நான் எழுத வேண்டியது நெலத்தப் பத்தி, சாக்கப் பத்தி இல்ல."

வாசலில் நின்ற கனகராஜ், "எந்த ஆத்துலருந்து பொறுக்கிட்டு வந்துச்சோ அந்தம்மா" என்றான். நாச்சிமுத்து அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எங்கிருந்து பொறுக்கினேன் என்று அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி இன்னொரு தடவை வருவானாம். அன்றைக்குப் பார்ப்பதைத்தான் எழுதுவானாம்.

ஜூலை 16

சின்னப் பையன். அனுபவம் போதாது. கண் முன்னால் சாக்குச் சாக்காக இருக்கிறது, தரையில் தேடுகிறான். படித்த படிப்பெல்லாம் வீண்.

ஜூலை 17

பையன் சொன்னது சரி. காட்டைக் காலி பண்ணியது கனகராஜ் இல்லை, நான்தான்.

ஜூலை 20

விடிவதற்கு முன் ஒரு சாக்கை மொபெட்டில் வைத்துக்கொண்டு ஓட்டாங்காட்டுக்குப் போனேன். எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேரட்டும், இதில் பொய் என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

மேட்டின் மேல் கொஞ்சம் போட்டேன். சரிவில் கொஞ்சம். வெளிச்சம் வந்ததும் பார்த்தால், புழுதிக் காட்டில் பிரஷ் போட்டுத் தேய்த்த ஓடுகள், குளித்து உடுத்தி உட்கார்ந்த மாதிரி பளிச்சென்று கிடக்கின்றன. எந்தக் குருடனும் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தால் சாக்கில் இருப்பதும் பொய்யாகிவிடும்.

"என்னுங்க நங்கை, வெதைக்கறீங்களா?"

நாச்சிமுத்து. வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு மாதமாகிறது அவர் குரல் என்னை நோக்கி வந்து. அவர் கனகராஜிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் உட்கார்ந்து பொறுக்கினார்.

சாக்கின் அடியில் அந்தக் கைப்பிடி இருந்தது. அதையும் ஜன்னலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவர் எடுத்தார். அவர் கட்டைவிரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

"இதத் தூக்குன ஆளு ஊருக்குத் திரும்பிப் போனானுங்களா நங்கை?"

"தெரியல தம்பி. இங்கயே செத்திருந்தாலும் செத்திருப்பான்."

அவர் கைப்பிடியைக் கீழே வைக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லாததைக் கொழுந்தனாரிடம் எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"உங்க அண்ணன் போனதுக்கப்பறம் காலையில எந்திரிச்சாப் போறதுக்கு ஒரு எடம் இல்லை தம்பி எனக்கு. இந்தக் காடுதான் இருந்துச்சு. பொறுக்க ஆரம்பிச்சது அதுக்குத்தான். யவனன் கிவனன் எல்லாம் அப்பறம் வந்தது."

அவர் கைப்பிடியைச் சாக்குக்குள் வைத்து, வாயைக் கட்டி மொபெட்டில் தூக்கி வைத்தார். பிறகு, "இதெல்லாம் எத்தனை ஆழத்துல கெடக்குமுங்க?" என்று கேட்டார்.

"எதுக்கு, ஒடைக்கறதுக்கா?" என்றேன். என் வாய் அப்படி. பிறகு, "ஒரு மொழம் போனாப் போதும்னு அந்தப் புரபசர் சொன்னாரு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தேன். கதவில் தாழ் அப்படியேதான் இருந்தது.

ஜூலை 28

சுவருக்கு அந்தப் பக்கம் தாரணிக்கு நகை எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் போல. சிரிப்புச் சத்தம். சாந்தாமணி, "நம்மளப் புடிச்ச சனி சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் குந்தியிருக்குது" என்று சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

தாரணிக்கு முதல் தடுப்பூசி போட்ட அன்றைக்கு அவளை மடியில் வைத்திருந்தவள் நான்.

ஆகஸ்ட் 3

காலையிலிருந்து ஓட்டாங்காட்டில் டிராக்டர் சத்தம். மாடியில் ஏறிப் பார்த்தேன். அதிகாரி வருவதற்குள் வேலிகாத்தான் முள்ளையெல்லாம் தள்ளிக் காட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறானாம் கனகராஜ். டிராக்டர் நாச்சிமுத்துவுடையது. ஓட்டுவதும் அவர்தான்.

மேட்டின் மேல் சால் சாலாகப் போய்வந்தார். போகட்டும். கீழே இறங்கிவிட்டேன். பார்க்க முடியவில்லை.

சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 5

நிதானமாக எழுதுகிறேன்.

நான் போகவே கூடாது என்றிருந்தேன். அருள்தாஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போனேன். காடு முழுக்கப் புது மண், ஈரம் காயாத சிவப்பு மண். அந்த மண்ணின் மேல் ஓடுகள். கழுவாத, தேய்க்காத, மண் அப்பிய ஓடுகள், மேட்டின் உச்சியில் கால் வைக்க இடமில்லாமல், சரிவில் இறங்க இறங்கக் குறைந்துகொண்டே. சாடியின் கூர் அடி ஒன்று, கைப்பிடிகள் மூன்று, வரி போட்டவை ஏராளம். ஓர் இடத்தில் சுட்ட செங்கல் வரிசை ஒன்று விளிம்பு காட்டிக்கொண்டிருந்தது.

அருள்தாஸ் கட்டம் கட்டி எண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "தொடாதீங்கம்மா" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கனகராஜின் முட்டாள்தனத்துக்கு நன்றி. நானும் ஒறம்பரை வருகிறதென்று கூட்டினேன், அவனும் கூட்டினான். நான் கூட்டியதில் எல்லாம் போயிற்று, அவன் கூட்டியதில் எல்லாம் வந்தது.

நாச்சிமுத்து வேலியோரம் நின்றார். வேட்டியெல்லாம் செம்மண். ஒரு தடவை என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

தெருவில் சத்தம். கனகராஜ் நாச்சிமுத்துவின் வாசலில் நின்று கத்தினான். "பிளேடப் போட்டு முள்ளத் தள்ளுங்கன்னா, கலப்பைய எறக்கி உழச் சொன்னது யாருங்க?"

"பிளேடு ரிப்பேருங்க" என்றார் கொழுந்தனார்.

"ரிப்பேர்னா ஒரு மொழ ஆழத்துக்கா உழுவீங்க?"

"மண்ணு இறுகிக் கெடந்துச்சுங்க. நாலு வருசமா உழாத காடு."

கனகராஜ் அக்ரிமெண்டை ரத்து செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். உள்ளே சாந்தாமணி அழுதாள். கலெக்டர் ஆபீஸுக்கு நடந்த கால் விளங்காமல் போகும் என்றாள்.

டிராக்டர் பிளேடு மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்திருப்பது என் மாடியிலிருந்து தெரிகிறது. ரிப்பேரான பிளேடு பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் ரிப்பேர் என்றால் ரிப்பேர்தான். யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்வேன்.

ஆகஸ்ட் 22

உத்தரவு வந்துவிட்டது. ஓட்டாங்காட்டில் எந்த வேலையும் கூடாது, தை பிறந்ததும் குழி போட்டுப் பார்ப்பார்கள். நாச்சிமுத்துவுக்கு இழப்பீடு உண்டாம், எப்போது என்று யாருக்கும் தெரியாது. சுற்றிக் கம்பி வேலி போட்டு, அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைப் படித்துப் பார்த்தேன். எனக்கென்றே எழுதினது போல இருந்தது.

சாக்குகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அருள்தாஸ் கைப்பிடியையும் கேட்டான். கொடுத்தேன். "நீங்க இல்லேன்னா இந்த எடம் இல்லம்மா" என்றான். நல்ல பையன். கூடம் காலியாக இருக்கிறது. பெருக்கி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது.

ஆகஸ்ட் 23

பழக்கத்தில் எழுந்து நடந்தேன். கம்பி வேலியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

செப்டம்பர் 4

தாரணிக்கு இன்றைக்குக் கல்யாணம். மண்டபத்தை விட்டுவிட்டு மலைக் கோயிலில் நடத்தினார்கள். எனக்கு அழைப்பு இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து யாராவது கூப்பிடுவார்களா என்று நேற்று வரை பட்டுப்புடவையை வெளியே எடுத்து வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வைத்திருந்தேன்.

மத்தியானம் கார்கள் திரும்பி வந்தன. மாடிக்குப் போகவில்லை. என் நிழல் அந்தப் பிள்ளைமேல் விழ வேண்டாம் என்று சாந்தாமணி நினைத்தால், விழாமலே இருக்கட்டும்.

அவள் திட்டுவது அத்தனையும் என்னை. கலப்பை இறக்கியவரை இல்லை. அவர் வேண்டுமென்றே இறக்கினார் என்பது தெரியாமல்தான் அந்த வீட்டில் சோறு வேகிறது. என் வாயிலிருந்து அது வராது. இத்தனை பெரிய காரியத்தை எனக்காக ஒருவர் செய்திருக்கிறார், அதற்கு நன்றி சொல்ல ஒரு வழி இல்லை எனக்கு.

செப்டம்பர் 7

விருந்தாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். தாரணியும் போய்விட்டாள். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சாந்தாமணி ஒற்றை ஆளாகப் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பெண் போன வீட்டில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆள் போன வீட்டிலும் அதே சத்தம்தான்.

ரவை உருண்டை செய்தேன். அவள் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு சுவர்க் கதவுக்குப் போனேன். அந்தக் கதவை நான் தட்டியதே இல்லை. இத்தனை வருஷமும் திறந்தே இருந்தது, தாழ் போட்ட பிறகு ரோஷம் வந்துவிட்டது. கலெக்டரிடம் போகத் தெரிந்தது, இதைத் தட்டத் தெரியவில்லை.

தட்டினேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. "யாரு?" என்றாள். அந்தக் கதவைத் தட்ட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

"நான்தான் சாந்தாமணி. உன்ற கிண்ணம் எங்கிட்ட இருக்குது."

கதவுக்கு அருகில் வந்து நிற்கிறாள் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"இப்ப வேலையா இருக்கறனுங்க அக்கா" என்றாள்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கலெக்டர் ஆபீஸிலும் முதல் திங்கட்கிழமை இதையேதான் சொன்னார்கள். நான் நாலு திங்கட்கிழமை போனவள்.